கைவிடப்பட்ட மென்பொருளும் கைவசமுள்ள படங்களும்: ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்தோறும் ஸ்டுடியோ நடத்துவோருக்கும், கல்யாண ஆல்பம் வடிவமைப்போருக்கும், பல ஆண்டுப் படங்களைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும்:

படத்திருத்த மென்பொருள் ஒன்றை அதன் உரிமையாளர் நிறுத்துவதாக அறிவித்தால், அது அன்றே ஓடாமல் போய்விடுவதில்லை. நிறுத்தம் என்பது தனித்தனியான பல நிகழ்வுகளுக்கு ஒரு பொதுப்பெயர். முதலில் புதிய பதிப்பு வருவது நிற்கும். பிறகு கோளாறுகளைச் சரிசெய்வது நிற்கும். இறக்கிக்கொள்ளும் பக்கம் மறையும். உரிம எண்ணைச் சரிபார்க்கும் சர்வர் அணைக்கப்படும். கடைசியில், விண்டோஸோ மேக்கோ புதுப் பதிப்புக்கு மாறும் ஒரு நாளில் பழைய மென்பொருள் திறக்கவே மறுக்கும். இவற்றுக்கு இடையில் சில மாதங்களும் ஓடலாம், பல ஆண்டுகளும் ஓடலாம். பிகாசாவுக்கு முடிவு வந்துவிட்டதாகக் கூகுள் அறிவித்தது 2016 பிப்ரவரி 12-ஆம் தேதி. மார்ச் 15-ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. ஆனால் முன்பே நிறுவிய பிகாசா விண்டோஸ் கணினிகளில் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஆப்பிள் தன் அப்பர்ச்சர் மென்பொருளைக் கைவிடுவதாகச் சொன்னது 2014 ஜூனில். கடையிலிருந்து எடுத்தது 2015 ஏப்ரலில். அது அடியோடு திறக்காமல் போனது 2019 அக்டோபரில் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது.

அறிவிப்புக்கும் உண்மையான முடிவுக்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான் பெரும்பாலான இழப்புகளுக்கு வித்து விழுகிறது. மென்பொருள் ஓடுகிறதே என்ற தைரியத்தில் வேலை தொடர்கிறது. வெளியே எடுத்து வைக்க வேண்டியது உள்ளேயே கிடக்கிறது. பிறகு ஒரு நாள் கணினி பழுதாகிறது, புதியது வாங்கப்படுகிறது, அதில் பழைய மென்பொருளுக்கு இடமில்லை. அப்போது காணாமல் போவது படம் அல்ல. படக்கோப்புகள் ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருக்கும். போவது படத்தின் மேல் செய்த உழைப்பு: இரண்டாயிரம் படத்தில் நல்லதாக இருநூறைப் பொறுக்கியது, முகத்துக்குப் பெயர் போட்டது, வெட்டியது, நிறம் சரிசெய்தது. அந்த உழைப்பு எங்கே எழுதி வைக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். அதற்குப் பிகாசாவே நல்ல எடுத்துக்காட்டு.

பிகாசாவை உருவாக்கியது லைஃப்ஸ்கேப் என்ற சிறு அமெரிக்க நிறுவனம். 2004 ஜூலையில் கூகுள் அதை வாங்கி இலவசமாக விட்டது. சாதாரணக் கணினியிலும் வேகமாக ஓடியதாலும், பயிற்சி எதுவும் வேண்டாததாலும், இலவசம் என்பதாலும் வீடுகளிலும் சிறு ஸ்டுடியோக்களிலும் அது பரவியது. 2009-இல் வந்த 3.5 பதிப்பு, கணினியில் உள்ள எல்லாப் படங்களிலும் முகங்களைத் தேடி எடுத்து, ஒரே ஆளின் முகங்களை ஒன்றாகக் கூட்டிக் காட்டியது. குடும்பப் படங்களை வைத்திருந்தவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமி என்று பெயர் போட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிகாசாவில் திருத்தம் செய்தால் மூலப்படம் மாறாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பிகாசா தன் பெயரிலேயே ஒரு சிறு ஐஎன்ஐ கோப்பை மறைவாக வைக்கும். நோட்பேடில் திறந்தால் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புதான் அது. படத்தின் பெயர் சதுர அடைப்புக்குள் இருக்கும். அதன் கீழே வரிவரியாகக் குறிப்புகள். நட்சத்திரம் போட்ட படமென்றால் ஸ்டார் என்ற சொல்லுக்கு எதிரே யெஸ் என்றிருக்கும். எவ்வளவு வெளிச்சம் கூட்டியது, எந்த நிறத்தைத் தூக்கியது என்பதெல்லாம் ஃபில்டர்ஸ் என்ற வரியில் எண்களாக நிற்கும். முகமென்றால் ஒரு செவ்வகம் இருக்கும். அதன் இடது, மேல், வலது, கீழ் எல்லைகள் நான்கையும் சேர்த்து ஒரே நீண்ட எண்ணாக, பதினாறின் அடிமானத்தில், எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நீண்ட எண். அது ஆளுக்குரிய அடையாள எண். அந்த எண் யாருடையது என்பது இந்தக் கோப்பில் நம்பிக்கையாகக் கிடைக்காது. பயனரின் விண்டோஸ் கணக்குக்குள் எங்கோ ஆழத்தில், பிகாசா2 என்ற ஃபோல்டரில் உள்ள காண்டாக்ட்ஸ் கோப்பில் பார்க்க வேண்டும்.

படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பென் டிரைவில் நகல் எடுத்தால் மறைந்திருக்கும் ஐஎன்ஐ கோப்பு கூட வராது. வெட்டிய படம் வெட்டாததாக, வெளுத்த படம் வெளுத்ததாகவே போய்ச் சேரும். ஃபோல்டரை முழுசாக எடுத்தாலும் காண்டாக்ட்ஸ் கோப்பு வராவிட்டால் முகங்கள் இருக்கும், பெயர்கள் இருக்காது. சேவ் பொத்தானை அழுத்தியவர்கள் மட்டும் தப்பினார்கள்: அப்போது திருத்தம் படத்திலேயே பதியும், மூலப்படம் மறைவான இன்னொரு ஃபோல்டருக்குப் போகும். படத்துக்கு எழுதிய தலைப்பு வரியும் குறிச்சொற்களும் ஜேபெக் கோப்புக்குள்ளேயே பதியும் என்பதால் அவையும் பிழைத்தன. முகப்பெயர்களையும் படத்துக்குள் எழுதும் வசதி 3.9 பதிப்பில் இருந்தது. அதை ஆப்ஷன்ஸ் பக்கத்தில் தேடிப்போய் இயக்கியவர்கள் குறைவு. ஒரே மென்பொருளில், ஒரே படத்தின் மேல் செய்த வேலையில், ஒரு பாதி படத்தோடு ஒட்டிக்கொண்டது, மறுபாதி வெளியே நின்றது. எது எதில் சேரும் என்று வாடிக்கையாளருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

பிகாசாவை விட்டு எங்கே போவது என்பதற்குக் கூகுள் காட்டிய இடம் கூகுள் ஃபோட்டோஸ். 2015 மே மாதம் தொடங்கியபோது, 16 மெகாபிக்சலுக்கு மிகாமல் சுருக்கிய படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய ஈர்ப்பு. 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அந்த வசதியும் நின்றது. அதன் பிறகு ஏற்றும் படங்கள் ஒவ்வொன்றும், மின்னஞ்சலுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 ஜிபி கணக்கில் கழிகின்றன. கைவிட்ட நிறுவனமே கைகாட்டும் மாற்று வழியை நம்புவதற்கு முன் இந்தக் கதையை நினைவில் வைப்பது நல்லது.

அப்பர்ச்சரின் கதை தொழில்முறைக் கலைஞர்களுடையது. 2005-இல் 499 டாலர் விலையில் வந்தது. 2011-இல் ஆப்பிளின் மேக் ஆப் ஸ்டோரில் 80 டாலருக்கு இறங்கியது. மூன்று ஆண்டு கழித்து நிறுத்தம். அதைப் பயன்படுத்தியவர்களை இழுக்க அடோபி 2014-இல் தன் லைட்ரூமில் இடமாற்றும் கருவி ஒன்றைச் சேர்த்தது. அந்தக் கருவி மூலப்படங்களையும், நட்சத்திர மதிப்பையும், குறிச்சொற்களையும் ஒழுங்காகக் கொண்டுவந்தது. நிறத்திலும் ஒளியிலும் செய்த திருத்தங்கள் மட்டும் வரவில்லை. இது அடோபியின் அசட்டை அல்ல. இத்தகைய மென்பொருள்கள் திருத்தத்தைப் படமாக வைப்பதில்லை, கட்டளையாக வைக்கின்றன. நிழலை இவ்வளவு தூக்கு என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது அந்தந்த மென்பொருளின் கணக்குக்குள் இருக்கிறது. ஒருவர் சமையல் குறிப்பில் ‘ஒரு கரண்டி’ என்று எழுதியிருந்தால், அவர் வீட்டுக் கரண்டி இல்லாமல் அளவு தெரியாது, அதுபோலத்தான் இதுவும். எக்ஸ்எம்பி என்ற குறிப்புக்கோப்பு முறை 2012-இல் பன்னாட்டுத் தரமாகவே ஏற்கப்பட்டுவிட்டது. அப்படியும் அதன்மூலம் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு நம்பிப் போவது பெயர், தேதி, குறிச்சொல், நட்சத்திரம் போன்றவைதான். திருத்தம் போகாது.

உரிமையாளர்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. புது கேமரா ஒவ்வொன்றின் ரா கோப்பையும் திறக்கத் தனியாக உழைக்க வேண்டும்; வருமானம் குறைந்தால் அந்தச் செலவு கண்ணை உறுத்தும். சில சமயம் வாங்குபவருக்கு வேண்டியது மென்பொருளல்ல, அதை எழுதிய ஆட்களும் அவர்களின் நுட்பமும். டென்மார்க்கின் பிக்ஸ்மான்டெக் நிறுவனத்தை 2006-இல் அடோபி வாங்கியதும் ராஷூட்டர் என்ற நல்ல மென்பொருள் மறைந்தது; அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களுக்கு லைட்ரூமின் முதல் பதிப்பு இலவசமாகக் கிடைத்தது. இது கௌரவமான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

நிக் மென்பொருள் நிறுவனத்தின் கதை இன்னும் சிக்கலானது. வானத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் வானத்தின் நிறம் மட்டும் மாறும், மரமோ முகமோ மாறாது; இந்த நுட்பம் அவர்களுடையது. நிக்கான் தன் கேப்ச்சர் என்எக்ஸ் மென்பொருளை அவர்களோடு சேர்ந்துதான் செய்தது. 2012 செப்டம்பரில் கூகுள் நிக்கை வாங்கியது. ஸ்னாப்சீட் என்ற கைபேசிச் செயலி அப்படித்தான் கூகுளிடம் வந்தது. 2014-இல் நிக்கான் புதிதாக வெளியிட்ட கேப்ச்சர் என்எக்ஸ்-டியில் தொடக்கத்தில் அந்தப் புள்ளி வசதி இருக்கவில்லை. பழைய மென்பொருளில் புள்ளி வைத்துத் திருத்திய கோப்புகளைப் புதியதில் திறந்தபோது அந்தத் திருத்தம் தெரியவில்லை. கேமராவும் நிக்கானுடையது, கோப்பு வகையும் நிக்கானுடையது, இரண்டு மென்பொருளும் நிக்கான் பெயரில் வந்தவை. அப்படியும் வேலை போனது. நிக்கின் மற்ற கருவிகளுக்குக் கூகுள் முதலில் விலையைக் குறைத்தது, 2016 மார்ச்சில் இலவசமாக்கியது, 2017 மே மாதம் இனி மேம்படுத்தப்போவதில்லை என்றது. அந்த அக்டோபரில் பிரான்சின் டிஎக்ஸ்ஓ நிறுவனம் வாங்கியதால் அவை பிழைத்தன. பிக்னிக் என்ற இணையவழித் திருத்தச் சேவையும் 2012-இல் மூடப்படுவதற்கு முன் கட்டண வசதிகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. விலையுள்ள ஒரு பொருளுக்குத் திடீரென்று விலையை நீக்கினால் கொண்டாடுவதைவிட, படங்களை வெளியே எடுக்கத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

முழு விலை கொடுத்து வாங்கினால் என்றென்றைக்கும் நம்முடையது என்ற நம்பிக்கையும் முழு உண்மை அல்ல. லைட்ரூம் 6 மொத்தமாகப் பணம் கட்டி வாங்கும் கடைசி லைட்ரூம். 2017 டிசம்பரில் அதன் கடைசித் திருத்தப் பதிப்பு வந்தது. 2018 நவம்பர் முடிவில் அதில் இருந்த வரைபடப் பக்கம் வேலை செய்வதை நிறுத்தியது, ஏனென்றால் வரைபடம் அடோபியுடையது அல்ல, கூகுளிடம் வாங்கியது. அதே 2018-இல் கேனன் சிஆர்3 என்ற புதிய ரா வகையைக் கொண்டுவந்தது. லைட்ரூம் 6-க்கு அது தெரியாது. அடோபி இலவசமாகத் தரும் மாற்றியைக் கொண்டு அதை டிஎன்ஜி ஆக்கினால் திறக்கலாம் என்ற சுற்றுவழி பலருக்கு இன்னும் தெரியாமல் இருக்கிறது. பிகாசாவுக்கும் இப்படியே ஆனது. அது நிறுத்தப்பட்ட மறு ஆண்டு ஐஃபோன் ஹெய்க் வகைப் படங்களை எடுக்கத் தொடங்கியது. பிகாசாவின் கண்ணுக்கு அவை படமே அல்ல.

உரிமச் சரிபார்ப்பு தனித் தொல்லை. 2005-இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்2-ஐச் சரிபார்க்கும் சர்வரை அடோபி 2012 டிசம்பரில் அணைத்தது. கணினியை மாற்றினால் மறுபடி நிறுவ முடியாத நிலை. எனவே சரிபார்ப்பே வேண்டாத தனிப் பிரதியையும் பொதுவான வரிசை எண்ணையும் பழைய வாடிக்கையாளர்களுக்காக வெளியிட்டது. ஃபோட்டோஷாப் இலவசமாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு பரவியது. அது இலவசம் அல்ல, ஏற்கெனவே வாங்கியவருக்குச் சேர வேண்டியது. திருட்டுப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. காசு கொடுத்தவர் மட்டும் மாட்டிக்கொள்வது இந்தத் தொழிலின் விசித்திரம்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் பிஎஸ்டி கோப்புகளாகக் கிடக்கின்றன. மணமக்கள் பெயரும் முகூர்த்த நாளும் பெரும்பாலும் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் யூனிகோடு தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்ததால் வேறு வழியும் இல்லை. இந்தக் கோப்பைப் புதிய கணினியில் திறந்து எழுத்தில் கைவைத்தால், எழுத்துரு இல்லாத இடத்தில் மணமகள் பெயருக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசையாக நிற்கும். பிஎஸ்டி கோப்பை கிம்ப், அஃபினிட்டி போன்றவை திறக்கும் என்பது உண்மை. லேயர்கள் வரும். நிழல், ஒளிவட்டம், உருட்டிய விளிம்பு போன்ற அலங்காரங்கள் செய்தபடியே வரும் என்ற உறுதி இல்லை. இருபது ஆண்டு கழித்து ஆல்பம் நனைந்துவிட்டது, இன்னொரு பிரதி வேண்டும் என்று அந்தக் குடும்பம் வந்து நிற்கும்போது லேபுக்கு அனுப்பக் கையில் இருப்பது அந்தக் கோப்பு மட்டும்தான் என்றால், பக்கத்தை மறுபடி வடிவமைக்க வேண்டியதுதான்.

நல்ல முடிவு கண்ட மென்பொருள்களும் உண்டு. லைட்சோன் என்ற திருத்த மென்பொருளை விற்ற நிறுவனம் 2011-இல் ஓய்ந்தது. 2012 டிசம்பரில் அதன் மூலநிரல் முழுவதும் திறந்த உரிமத்தில் வெளிவந்தது. தன்னார்வலர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் தனியாளாக எழுதிய ராதெரபியை 2010-இல் திறந்துவிட்டார். அது மூடப்படவே இல்லை, வளர்ந்துகொண்டிருக்கிறது. 1990-இல் வந்த முதல் ஃபோட்டோஷாப்பின் நிரலைக் கூட 2013-இல் அடோபி இசைவோடு கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. ஆனால் அது படிப்பதற்கு, பயன்படுத்துவதற்கு அல்ல. மென்பொருளை வாழவைக்கும்படி எந்த உரிமையாளரையும் கட்டாயப்படுத்த முடியாது. குறைந்த அளவு மூன்றைக் கேட்க முடியும்: கடைசிப் பதிப்பில் உரிமச் சரிபார்ப்பை நீக்குதல், எல்லாத் திருத்தங்களோடும் ஒரே தடவையில் முழு அளவுப் படங்களாக வெளியேற்றும் வசதி, குறிப்புக்கோப்பின் அமைப்பை எழுத்தில் வெளியிடுதல். பிகாசாவின் ஐஎன்ஐ கோப்பைப் பயனர்கள் தாங்களே துருவித்தான் புரிந்துகொண்டார்கள். இரண்டு பக்கம் எழுதிப் போட்டிருந்தால் அந்தப் பாடு தேவைப்பட்டிருக்காது.

நிறுத்தம் அறிவிக்கப்பட்ட மென்பொருளை வைத்திருப்பவர் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, முடித்த படங்களை முழு அளவில் வெளியேற்றுவது. ஜேபெக் போதும், பின்னால் மறுபடி கைவைக்க வேண்டியவை என்றால் 16 பிட் டிஃப் ஆக எடுக்க வேண்டும். ரா கோப்புகள் தனியாக, தொடப்படாமல் இருக்கட்டும். பெயர், குறிச்சொல், நட்சத்திரம் எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயோ எக்ஸ்எம்பி கோப்பாகவோ எழுதும் கட்டளை பெரும்பாலான மென்பொருளில் எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தேடி இயக்க வேண்டும். முக்கியமான நட்சத்திரப் படங்களைத் தனி ஃபோல்டரில் நகல் எடுத்துவிட்டால் எந்த மென்பொருளும் இல்லாமலேயே அந்தத் தேர்வு நிலைக்கும். ஆல்பம் பக்கங்களுக்கு பிஎஸ்டியோடு, எழுத்தைப் படமாக்கிய தட்டையான பிரதி ஒன்றும், பயன்படுத்திய எழுத்துருக் கோப்பும் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும். பிறகு சோதனை: அந்த மென்பொருளே இல்லாத வேறொரு கணினியில் பத்துப் படத்தைத் திறந்து, வெட்டும் நிறமும் பெயரும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாத நகல் நகலே அல்ல.

பழைய மென்பொருளுக்காகப் பழைய கணினியை வைத்திருப்பதில் தவறில்லை, இணையத்தில் மட்டும் இணைக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் பொது நிரலில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. தீங்கான படம் ஒன்றே கணினிக்குள் ஆளை நுழைய விடக்கூடியது. குரோம் போன்றவை உடனே அடைத்தன. அப்படி ஓர் ஓட்டை கைவிடப்பட்ட மென்பொருளில் இருந்தால் அடைக்க ஆளில்லை.

ஸ்டுடியோ நடத்துவோர் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள மிகப் பழைய ஆல்பம் ஒன்றின் கோப்பை, கடையில் உள்ள மிகப் புதிய கணினியில் இந்த வாரமே திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. திறக்காவிட்டால், அதை உருவாக்கிய கணினி இன்னும் ஓடும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.